படித்தது போலத் தோன்றுவதும் படித்திருப்பதும்: பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சில ஒப்பீடுகள்

தேர்வுக்கு முந்தைய வாரம் நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் சோம்பேறிகள் மிகக் குறைவு. பாடப்புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள், முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசுகிறார்கள், குறிப்புகளை அழகான கையெழுத்தில் மறுபடி எழுதுகிறார்கள். ஆனாலும் வினாத்தாளைப் பார்த்ததும், 'இதைப் படித்தேனே, எந்தப் பக்கத்தில் இருந்தது என்றுகூடத் தெரிகிறதே' என்று தவிக்கிறார்கள். இவர்களிடம் 'இன்னும் கொஞ்சம் முயற்சி செய்' என்று சொல்வது அநியாயம். முயற்சிக்குக் குறைவில்லை, அதைக் கொட்டிய வழியில்தான் கோளாறு. எப்படிப் படிப்பது என்பதை மட்டும் யாரும் இவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆகவே, மாணவர்கள் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் வழிகளையும் அவற்றுக்குப் போட்டியான வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

திரும்பப் படிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

2006-ஆம் ஆண்டு ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே இன்னொரு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நினைவில் நின்றதை வெற்றுத்தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. திரும்பப் படித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள்.

ஐந்து நிமிடக் கணக்கைக் கவனியுங்கள். மாணவர்கள் ஏமாறும் இடம் அதுதான். திரும்பப் படித்தவுடன் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அந்தத் தெளிவை வைத்து 'இந்தப் பாடம் முடிந்தது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

உயிர்வேதியியல் மாணவி ஒருத்தி ஒளிச்சேர்க்கையின் கால்வின் சுழற்சியைப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். படத்தை நான்கு முறை பார்த்தாயிற்று. கார்பன் டை ஆக்சைடைப் பிணைக்கும் ருபிஸ்கோ என்ற நொதி, ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறின் செலவு, சர்க்கரை உருவாவது எல்லாம் தெரிந்த முகங்களாக இருக்கின்றன. இப்போது புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் வட்டம் போடச் சொல்லுங்கள். முதல் கட்டம் வந்துவிடும், இரண்டாவதும் தட்டுத்தடுமாறி வரும். மூன்றாவது கட்டத்தில், தொடக்கத்தில் இருந்த மூலக்கூறு மறுபடி எப்படி உருவாகிறது என்ற இடத்தில், பேனா நின்றுவிடும். வட்டம் மூடாது. அந்த இடைவெளி நான்கு முறை படித்தபோதும் அங்கேதான் இருந்தது; படம் முழுமையாகக் கண்முன் இருந்ததால் தெரியவில்லை. இனி அவள் புத்தகத்தைத் திறக்கும்போது அந்த ஓர் இடத்தைத் தேடித்தான் திறப்பாள். அப்படித் தேடிப் படித்தது எளிதில் மறக்காது.

மூடிவைத்து எழுதுவது சுகமான வேலை இல்லை. தெரியாததெல்லாம் தாளில் அம்பலமாகும், மனம் சோர்ந்துபோகும். அதனாலேயே பலர் இரண்டு நாளில் கைவிட்டு மஞ்சள் பேனாவுக்குத் திரும்புகிறார்கள். ஜான் டன்லோஸ்கி குழுவினர் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டு வெளியிட்ட விரிவான மதிப்பாய்வில், கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயனுள்ளவை என்ற வரிசைக்குப் போயின. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே உயர்ந்த பயனுள்ளவை என்று தேறின. ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும்: முதல் வாசிப்பில் பாடம் புரியவே இல்லை என்றால் மறுபடி படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. புரியாததை நினைவுகூர முயல்வது வீண். புரிந்த பிறகும் படித்துக்கொண்டே இருப்பதுதான் நேர விரயம்.

ஒரே இரவிலா, விட்டுவிட்டா?

நாளைக் காலை தேர்வு, இன்று இரவுதான் கையில் இருக்கிறது என்றால் ஒரே இரவில் படிப்பது ஓரளவு கைகொடுக்கும். இதை மறைப்பதில் பொருளில்லை. அடுத்த பருவத்தில் இதே பாடத்தின் மேல்தான் இன்னொரு பாடம் எழும்பப் போகிறது என்னும்போது சிக்கல் தொடங்குகிறது. முதல் பருவத்து வகைநுண்கணிதத்தைத் தேர்வு முடிந்ததும் மறந்த பொறியியல் மாணவன், மூன்றாம் பருவத்தில் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

மறதியின் போக்கை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்மேல் நடத்திய சோதனைகளால் அளந்து காட்டினார். கற்றதில் பெரும்பங்கு முதல் சில மணி நேரங்களிலேயே நழுவுகிறது, பிறகு நழுவும் வேகம் குறைகிறது. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதற்கு 2008-இல் நிக்கலஸ் செப்பேடா குழுவினர் 1,300-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பதில் தேடினார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால் மறுநாளே ஒரு முறை திருப்பிப் பார்ப்பதும், 35 நாள் கழித்துத் தேர்வு என்றால் பதினொரு நாள் அளவில் திருப்பிப் பார்ப்பதும் நல்ல பலன் தந்தன. தேர்வு தள்ளிப் போகப் போக இடைவெளியும் நீளலாம். இதற்குக் கூடுதல் நேரம் வேண்டாம், அதே நேரத்தைப் பிரித்துப் போட்டால் போதும்.

அத்தியாயம் அத்தியாயமாகவா, கலந்தா?

புள்ளியியல் புத்தகத்தில் கை வர்க்கச் சோதனை (chi-square test) அத்தியாயத்தின் பின்னால் இருபது கணக்குகள் இருக்கும். இருபதும் கை வர்க்கக் கணக்குகள். மூன்றாவது கணக்கிலிருந்து கை தானாக ஓடும். தேர்வில் அத்தியாயத் தலைப்பு இருக்காது. இதற்கு டி சோதனையா (t-test), கை வர்க்கமா, ஒட்டுறவா (correlation) என்று தீர்மானிப்பதுதான் கேள்வியின் பாதி, அந்தப் பாதியை நாம் ஒரு முறைகூடப் பழகியதில்லை.

டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் கனவடிவங்களின் கன அளவைக் காணும் கணக்குகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரே வகையை அடுத்தடுத்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 மட்டுமே. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் பிரிவினர் 20, இரண்டாம் பிரிவினர் 63. இந்த நான்கு எண்களையும் படிக்கும் மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவைக்கலாம். பயிற்சியில் தடுமாறுகிறவன் தன்னை மந்தம் என்று நினைத்துக்கொள்கிறான், பக்கத்தில் சரளமாகப் போடுகிறவனைப் பார்த்து ஏங்குகிறான். ஒரு வாரத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்று அப்போது இருவருக்குமே தெரியாது. புதிய வகைக் கணக்கை முதலில் நாலைந்து முறை தனியாகப் போட்டுப் பிடிபட்ட பிறகு கலப்பதே என் பரிந்துரை.

ஊக்கம் வரட்டும் என்று காத்திருப்பதா, மணி அடித்ததும் உட்காருவதா?

'படிக்க மனசே வரவில்லை' என்ற புலம்பலை நான் அலட்சியம் செய்வதில்லை. அது உண்மையான துன்பம். ஆனால் மனம் வந்த பிறகு படிக்கலாம் என்ற வரிசை பெரும்பாலும் நடப்பதில்லை. உட்கார்ந்து, ஒரு கணக்கு பிடிபட்டு, 'எனக்கும் வருகிறதே' என்று தோன்றும்போதுதான் ஆசை பிறக்கிறது. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த கோட்பாடு உள்ளிருந்து எழும் ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறது: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு பிணைப்பு. இரண்டாவது தேவை, வேலையைத் தொடாமல் நிறைவேறாது.

பரிசு வைத்துக்கொண்டால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. டெசி 1971-இல் புதிர் விளையாட்டில் ஈடுபட்ட மாணவர்களில் ஒரு பிரிவினருக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். பணம் நின்றதும் அவர்கள் ஓய்வுநேரத்தில் புதிரோடு செலவிடும் நேரம் குறைந்தது. ஏற்கெனவே பிடித்த பாடத்துக்குப் பரிசு வைக்காதீர்கள். கொஞ்சமும் பிடிக்காத கட்டாயப் பாடத்துக்கு வைத்துக்கொண்டால் பெரிய நட்டமில்லை.

பரிசை விட நான் நம்புவது குறிப்பான திட்டத்தை. 'இந்த வாரம் நன்றாகப் படிப்பேன்' என்பதைவிட, 'இரவு உணவு முடிந்து தட்டைக் கழுவியதும், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து இரண்டாம் அத்தியாயத்தின் முதல் கணக்கை எடுப்பேன்' என்பது பல மடங்கு வலுவானது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' வகைத் திட்டங்களைத்தான். பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் நடத்திய ஆய்வில் பழக்கம் ஊன்ற 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆனது, நடு அளவு 66 நாள். அதே ஆய்வில் ஒரு நாள் தவறியது பெரிய பின்னடைவாக இல்லை. புதன்கிழமை விட்டுப்போனதற்காக வாரம் முழுவதையும் கைகழுவும் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

தனியாகவா, குழுவாகவா? பேனாவா, மடிக்கணினியா?

குழுவாகப் படிப்பது, ஒருவர் விளக்க மற்றவர்கள் கேள்வி கேட்கும் குழுவாக இருந்தால் நல்லது. நால்வரும் அவரவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது கூட்டமாக உட்கார்ந்த தனிமை. தனியாகத் தயாராகிப் போனவர்களுக்கே குழு பயன்படுகிறது.

கையால் குறிப்பெடுப்பதே மேல் என்று 2014-இல் வந்த முல்லர், ஓப்பன்ஹைமர் ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. எனவே எது வசதியோ அதில் எழுதுங்கள். வகுப்பு நடந்த அன்று மாலையே அந்தக் குறிப்பைப் பார்க்காமல் ஐந்தாறு வரிகள் எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அதையே கேள்வியாக்கி, மறுநாள் ஆசிரியர் வகுப்பைவிட்டுக் கிளம்புவதற்குள் கேட்டுவிடுங்கள்.