நாலு இன்ஜெக்டர் ஒரே நாளில் கெட்டுப்போகாது: ரங்கியோராவில் ஒரு ஜெட் படகுப் பட்டறை

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம். நியூசிலாந்தின் வைமக்காரிரி ஆறு மலை இடுக்கை விட்டு வெளியே வந்து, சரளைக்கல் மேடுகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் இடம். மகன் என் பக்கத்தில், மனைவி பின் சீட்டில். கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருக்கும். எஞ்சின் ஒரு தடவை திக்கியது, மறுபடி திக்கியது, பிறகு சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. "என்னப்பா ஆச்சு?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் படகின் மூக்கு தானாகத் திரும்பி, கரையில் சாய்ந்து கிடந்த வில்லோ மரங்களைப் பார்த்துப் போகத் தொடங்கியது.

ஜெட் படகு ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் வெளியே சுழலும் விசிறியும் இல்லை, சுக்கானும் இல்லை. அடியில் இருக்கும் கம்பிச் சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிப்பதால்தான் படகு நகர்கிறது. அந்தக் குழாயைத் திருப்பினால்தான் படகும் திரும்பும். பீய்ச்சல் குறைந்தால் வேகத்தோடு திருப்பும் பிடியும் போய்விடும். அதோடு, வேகமாகப் போகும்போது தண்ணீருக்கு மேலே எழும்பி நாலு விரல்கடை ஆழத்தில்கூட வழுக்கிக்கொண்டு போகும் படகு, வேகம் குறைந்ததும் அமுங்கிவிடும். அன்றைக்கு அமுங்கியது எங்கள் நல்ல நேரம். மரத்துக்குப் பத்தடி முன்னால் சரளையில் தட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. என் கை நடுக்கம் நிற்கத்தான் வெகு நேரம் பிடித்தது.

அதனால் இந்தப் பட்டறையைப் பற்றி நான் எழுதுவதில் கொஞ்சம் உணர்ச்சி கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படகு பதினாலு அடி அலுமினியம். எட்டு சிலிண்டர் கொண்ட 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 எஞ்சின், ஹாமில்டன் 212 ஜெட். பழையதாக வாங்கியது. எஞ்சின் காருக்காகச் செய்தது. வயரிங்கை யாரோ படகுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். முதலில் நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். பி0202, பி0204, பி0206, பி0208 என்று நாலு பழுதுக் கோட் வந்தது, கடைசி எண்தான் சிலிண்டர் எண். சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரும் போயிடுச்சு என்று புதிதாக நாலு மாட்டினார்கள். 1,120 டாலர். டிரெய்லரில் வைத்தே குழாய்த் தண்ணீர் கொடுத்துப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள், நன்றாக ஓடியது. அடுத்த வாரம் ஆற்றில் இருபதாவது நிமிடம் அதே திக்கல். திரும்பப் போனபோது, "அப்படின்னா எஞ்சின் கம்ப்யூட்டர் ஈசியூதான் கோளாறு. மாத்தி புரோகிராம் போட 1,850 ஆகும்" என்றார்கள். அன்றைக்குத்தான் ஆற்றங்கரையில் பழக்கமான ஒரு தமிழ் அண்ணன், "தம்பி, பணத்தைக் கட்டாதீங்க. முதல்ல ரங்கியோராவுல ஒருத்தர்கிட்ட காட்டுங்க" என்றார்.

அந்த ரங்கியோரா மெக்கானிக் வீட்டோடு சேர்த்துப் பட்டறை வைத்திருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பெயரை எழுத வேண்டாம், இருக்கிற வேலையே போதும் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஆற்றுக்காரர்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

போனவுடன் கருவி எதையும் எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். சூடாவதற்கு முன்பா, பின்பா? எத்தனையாவது நிமிடம்? நேராகப் போகும்போதா, அலையில் குதிக்கும்போதா? படகுக்குள் தண்ணீர் புகுந்ததா? ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து, உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவி போக ஊதுவிசிறியை ஐந்து நிமிடம் ஓட விட்டார். தீயணைப்பானைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்த பிறகுதான் எரிபொருள் குழாயில் கை வைத்தார். முந்தைய கடையில் இதை நான் பார்க்கவில்லை.

எரிபொருள் அழுத்தமானி சரியான 58 பிஎஸ்ஐ காட்டியது, முள் அசையவில்லை. ஆக பம்ப்பும் ஃபில்டரும் சரி. அடுத்து அந்த நாலு கோட் எண்களையும் ஒரு தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார். "இந்த நம்பர்ல என்ன தெரியுது?" எனக்கு எதுவும் தெரியவில்லை. "ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. எல்லாமே எஞ்சினோட ஒரே பக்கம். நாலு இன்ஜெக்டர் சொல்லி வெச்ச மாதிரி ஒரே நாள்ல சாகாது. நாலுக்கும் பொதுவா எது இருக்கோ அதைத் தேடணும்."

இன்ஜெக்டருக்கு இரண்டு வயர். ஒன்றில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும். மற்றதை ஈசியூ எர்த்தோடு சேர்க்கும் கணம் ஊசி திறந்து பெட்ரோல் பாயும், விட்டால் மூடும். எர்த் பக்கம் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனி வயர். 12 வோல்ட் பக்கம், என் படகில், நாலு நாலாகச் சேர்ந்து ஒரு ஃபியூஸ் வழியாக வருகிறது. இதைக் கேட்டதும் எனக்கே பாதி புரிந்துவிட்டது.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, திக்கல் தொடங்கியதும் இன்ஜெக்டர் பிளக்கை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில் எதைப் பிடுங்கினாலும் எஞ்சின் தள்ளாடியது. மற்ற நாலைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பக்கம் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பிறகு வயரைச் சுற்றி மின்னோட்டக் கிளிப்பை மாட்டி, மின்னோட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் திரையைக் காட்டினார். ஏறிக்கொண்டே போகும் கோட்டின் நடுவில் ஒரு சின்ன மடிப்பு விழுகிறது. ஊசி தூக்கிக்கொள்ளும் கணம் அதுதான் என்று விரலை வைத்துக் காட்டினார். நல்ல பக்கத்தில் மடிப்பு ஒன்றரை மில்லிசெகண்டில் விழுந்தது. கெட்ட பக்கத்தில் மூன்றை நெருங்கியது. ஈசியூ திறந்து வைத்திருக்கும் மொத்த நேரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஊசி திறந்தவுடனே மூடிக்கொள்கிறது.

இங்கே அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பேட்டரி இறங்கினால் இன்ஜெக்டர் மெதுவாகத் திறக்கும் என்பது ஈசியூவுக்குத் தெரியும். அதற்கு ஏற்ப நேரத்தைக் கூட்டிக் கொடுக்கும். ஆனால் அது தன் இணைப்பு முனையில் வரும் வோல்ட்டைத்தான் அளக்கிறது. அங்கே 13.9 இருக்கிறது. இன்ஜெக்டர் முனையில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. என் படகில் ஆக்சிஜன் சென்சாரும் கிடையாது, ஆகவே காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைந்துபோனதையும் அதனால் உணர முடியவில்லை. கம்ப்யூட்டர் தனக்குக் கிடைத்த கணக்குப்படி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதைத்தான் 1,850 டாலருக்கு மாற்றப் பார்த்தேன்.

எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டுவிட்டு, கெட்ட பக்கத்துப் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தார். 12.4 வோல்ட். "உங்க முதல் கடைக்காரரும் இதைப் பார்த்திருப்பார், வயர் சரின்னு முடிவு பண்ணியிருப்பார்" என்றார். பிறகு மேசை டிராயரிலிருந்து காரின் பிரேக் விளக்கில் போடும் 21 வாட் பல்பை எடுத்தார். இரண்டு வயர் பற்ற வைத்து, முனையில் முதலைக் கிளிப் போட்டது. அதே இடத்தில் மாட்டினார். பல்பு மங்கலாகச் சிவந்து எரிந்தது. மீட்டர் 7.1-க்கு இறங்கியது. மல்டிமீட்டர் மின்சாரத்தை இழுக்காது, ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 காட்டும். சுமை கொடுத்தால்தான் வயரின் நிஜ நிலைமை தெரியும்.

அங்கிருந்து பத்து நிமிட வேலை. வயரைத் தடவிக்கொண்டே போய்ப் பின் சீட்டுக்கு அடியில், படகில் தேங்கும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, ஃபியூஸ் கூட்டைப் பிடித்தார். திறந்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருந்தது. வயரின் உறையைக் கீறிக் காட்டினார். கருத்துப்போன செம்பு, விரல் நீளத்துக்கு உள்ளே வரை. கையால் அழுத்தியதும் பொடியாக உதிர்ந்தது. காருக்குப் போடும் சாதாரணச் செம்பு வயர் அது. படகுக்கு வெள்ளீயம் (டின்) பூசிய வயர்தான் போட வேண்டும். சாதாரண வயர் திரியைப் போல ஈரத்தை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். எஞ்சின் அறை சூடாகி, படகும் அதிர்ந்தால் மிச்ச இழைகளும் தொட்டும் தொடாமலும் ஆடும். இருபதாவது நிமிடக் கணக்கு அதுதான்.

புது வயர், பசையோடு சுருங்கும் உறை, நீர் புகாத ஃபியூஸ் கூடு. அதையும் பக்கச் சுவரில் உயரமாக மாட்டினார். எஞ்சின் ஓடும்போது பிளக்கில் இப்போது 13.6. கழற்றிய பழைய இன்ஜெக்டர்களை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அவற்றைச் சோதனை மேசையில் போட்டுப் பார்த்தார். பதினைந்து நொடியில் ஒவ்வொன்றும் பாய்ச்சிய அளவு 70, 71, 69, 71 மில்லி. நாலும் நல்லவை. அந்தக் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

டிரெய்லரில் ஓட்டிக் காட்டி அனுப்பிவிடவில்லை. வைமக்காரிரியில் இறக்கி, மடியில் லேப்டாப்போடு நாற்பது நிமிடம் என்னோடு வந்தார். போகிற வழியில் கதை சொன்னார். பில் ஹாமில்டன் 1950-களில் ஐரிஷ்மன் க்ரீக் பண்ணையில் இந்த ஜெட்டை உருவாக்கியது, எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1977-இல் இதே வகைப் படகுகளில் வங்காள விரிகுடாவிலிருந்து கங்கையில் எதிர்நீச்சலாக ஏறியது. அதில் ஒரு படகின் பெயரே 'கங்கா' என்றார். எனக்கு அது புதுச் செய்தி.

மொத்தம் 518 டாலர்: மூன்றரை மணி நேரக் கூலி, சாமான், இன்ஜெக்டர் சோதனை எல்லாம் சேர்த்து. ஆற்றில் வந்த நேரத்துக்கும் கூலி உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

குறைகளும் இருக்கின்றன. எனக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது, கோடையில் அது கோடை பாதி போன மாதிரி. போனை எடுக்க மாட்டார், இரவு ஒன்பதுக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்புவார். பில்லில் "வயரிங், சோதனை" என்று இரண்டே சொல். என்னென்ன அளந்தார் என்று கேட்ட பிறகுதான் தாளில் எழுதித் தந்தார். படகை விற்கும்போது அந்தத் தாள் உதவும், மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அவசரமாக அன்றைக்கே படகு வேண்டும் என்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார்.

மறு பக்கத்து ஃபியூஸ் கூடும் அதே வயசுதான். அதை ஜூனில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இப்போதே தேதி வாங்கிவிட்டேன். அதுவரை 21 வாட் பல்பு ஒன்றுக்கு நானும் வயர் பற்ற வைத்து, படகில் லைஃப் ஜாக்கெட் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.