28 நாள் பத்தியம்: உக்கயாலி ஆற்றங்கரையில் ஒரு மூலிகைப் பயிற்சி

பெரு நாட்டில் உக்கயாலி ஆற்றங்கரையிலுள்ள புக்கால்பா நகரை ஒட்டிய யாரினாகோச்சா ஏரியிலிருந்து படகில் சென்றடையும் ஒரு பயிற்சி மையத்தில், அமேசான் பழங்குடிகளான ஷிபிபோ இனத்தைச் சேர்ந்த மூலிகை வைத்தியர் ஒருவரிடம் சீடராக அமர்ந்து கற்கும் 28 நாள் வகுப்பை அண்மையில் முடித்தேன். மையத்தின் பெயரைச் சொன்னால் அங்கே கற்பிக்கும் அம்மையாரின் பிழைப்புக்கு இடையூறாகலாம் என்பதால் அதை இங்கே தவிர்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த அம்மையாரிடம் கற்பதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் அந்த ஏரியைக் கடப்பேன், அந்த மையத்துக்கு இன்னொரு முறை பணம் கட்ட மாட்டேன்.

விளம்பரத்தில் 'ஷாமன் பயிற்சி' என்றிருந்தது. ஷாமன் என்பது சைபீரியாவின் துங்கூசிய மொழிகளிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட சொல். ஷிபிபோ மக்கள் தங்கள் வைத்தியரை ஒனன்யா, அதாவது அறிந்தவர், என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் மாணவர்கள் ஸ்பானிய வழக்கப்படி மாயெஸ்த்ரோ என்றும், பெண்ணாயின் மாயெஸ்த்ரா என்றும் அழைப்பது வழக்கம். எங்கள் மாயெஸ்த்ராவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு வயதில் தம் பாட்டனாரிடம் முதல் பத்தியம் இருந்ததாகச் சொன்னார். விளம்பரம் பெரும்பாலும் மனக்காட்சிகளை எழுப்பும் அயாவாஸ்கா என்ற கஷாயத்தைப் பற்றியே பேசியிருக்க, அவர் முதல் நாள் வகுப்பில் அந்தப் பெயரையே எடுக்கவில்லை. செடியிடம்தான் படிக்க வேண்டும், தம் வேலை அறிமுகம் செய்துவைப்பது மட்டுமே என்பதுதான் மொழிபெயர்ப்பாளர் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்த முதல் பாடம்.

ஸ்பானிய மொழியில் தியேட்டா என்றும் ஷிபிபோ மொழியில் சாமா என்றும் வழங்கும் முறைக்குப் பத்தியம் என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாக இருப்பதால், அதன் பொருளை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன் கடுமையை மட்டும் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உப்பு, சர்க்கரை, எண்ணெய், மிளகாய், பன்றி இறைச்சி, மது, உடலுறவு ஆகிய அனைத்தும் விலக்கு. உணவு என்பது அவித்த பச்சை வாழைக்காய், உப்பில்லாச் சோறு, சில நாள்களில் சுட்ட சிறு மீன். ஓலை வேய்ந்த தனிக் குடிலில், பிறரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஒரே ஒரு செடியின் கஷாயத்தை நாள்தோறும் குடித்து, அது உடம்பிலும் கனவிலும் என்ன செய்கிறது என்று கவனித்தபடி கிடக்க வேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்த எனக்கு நான்காம் நாள் சோற்றைக் கண்டாலே அழுகை வந்தது. ஒன்பதாம் நாள் வாக்கில் வாழைக்காயில் இனிப்புத் தெரிந்தது; அடுப்பில் எரியும் விறகு மாறியிருப்பதைப் புகையிலிருந்தே சொல்ல முடிந்தது. இந்தக் கூர்மை வருவதற்குத்தான் பத்தியம் என்றார் மாயெஸ்த்ரா. உப்பும் காரமும் பழகிய நாக்குக்கு இரண்டு கசப்புகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு பிடிபடாதாம்.

எனக்குத் தரப்பட்ட செடி பொபின்சானா. ஆற்றோரத்தில் வளரும் இந்தக் குறுமரம், தூங்குமூஞ்சி மரத்தின் பூவைப் போலவே இளஞ்சிவப்புக் குஞ்சமாகப் பூக்கும். இரண்டும் ஒரே குடும்பம். வெள்ளம் வந்து வளைத்தாலும் ஒடியாமல் வேரைப் பிடித்து நிற்பதால்தான் மனம் ஒடிந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதாக அவர் விளக்கினார். மூட்டு வலிக்கும் அதன் பட்டையைக் காய்ச்சித் தருகிறார்கள். கஷாயம் அவர்களுடைய மருத்துவத்தில் ஒரு பாதிதான். மறு பாதி ஈகாரோ எனப்படும் பாட்டு. வைத்தியர் அதைத் தாமே இயற்றுவதில்லை, பத்தியத்தின்போது செடியிடமிருந்து பெறுகிறார் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. ஷிபிபோ மக்களின் இந்த மருத்துவப் பாடல்களைப் பெரு அரசு 2016ஆம் ஆண்டில் தேசத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்திருக்கிறது.

பொபின்சானாவின் பாட்டை மாயெஸ்த்ரா ஒரு பிற்பகலில் என் குடில் வாசலில் அமர்ந்து, அடி அடியாகப் பிரித்து, நான் தவறாகச் சொன்ன இடத்திலெல்லாம் மறுபடியும் மறுபடியும் பாடிக் காட்டினார். பானோ மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஷிபிபோவில் தமிழைப் போலவே வினை பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. சொல்லோடு ஒட்டுகள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. அதனால் ஓர் அடி எங்கே முடியப்போகிறது என்பதை என் காது சற்று முன்பே உணர்ந்தது, அது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் பதினொரு மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான். ஷிபிபோவிலிருந்து ஸ்பானியத்துக்கும் அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாறும்போது ஐந்து நிமிடப் பேச்சு இரண்டு வாக்கியமாகச் சுருங்கியதைப் பலமுறை கண்டேன். சேர நினைப்பவர்கள் அடிப்படை ஸ்பானியமாவது கற்றுக்கொண்டு போவது நல்லது.

கட்டிய பணத்துக்கு ஈடாக எனக்குக் கிடைத்தது காலை நேரத் தோட்ட நடைதான். சாங்ரே தே கிராதோ மரத்தின் பட்டையைக் கத்தியால் கீறியதும் இரத்தச் சிவப்பில் பால் வடிந்தது. அதை விரலால் தோலில் தேய்த்தால் வெண்ணிற நுரையாகி, காய்ந்து, காயத்தை மூடும் மெல்லிய படலமாகிறது. வயிற்றுப்போக்குக்கும் அதைத் துளிக் கணக்கில் நீரில் கலந்து தருகிறார்கள். அதே பாலிலிருந்து பிரித்த குரோஃபெலமர் என்ற மருந்தை, எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுப்போக்குக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2012இல் ஏற்றுக்கொண்டது என்பதை நான் முன்பே படித்திருந்ததால், அந்த மரத்தடியில் நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது. உன்யா தே காத்தோ கொடியின் முட்கள் பூனை நகம் போல வளைந்திருக்கும். வேரைத் தோண்டாமல், தரைக்குமேல் ஒரு முழம் விட்டு வெட்டினால் மீண்டும் தளிர்க்கும் என்று வெட்டிக் காட்டினார். ஓஹே என்ற அத்தி வகையின் பாலைக் குடற்புழுவுக்குக் கொடுப்பார்கள், அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். எங்கள் கையில் அதை அவர் கொடுக்கவே இல்லை. எந்தச் செடியைத் தொடக்கூடாது என்று கற்பிப்பவரே எனக்கு நம்பத்தகுந்த ஆசிரியராகத் தோன்றுகிறார்.

அயாவாஸ்கா அருந்தும் இரவுகள் நான்கு. அதே பெயருள்ள கொடியையும் சக்ரூனா என்ற செடியின் இலையையும் பல மணி நேரம் ஒன்றாகக் காய்ச்சி எடுக்கும் கஷாயம் அது. இலையில் உள்ள, காட்சிகளைத் தோற்றுவிக்கும் டிஎம்டி என்ற பொருளைத் தனியே விழுங்கினால் குடலிலும் ஈரலிலும் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மின் முதலியவை அந்த நொதியைத் தடுத்து, டிஎம்டி மூளையை எட்ட வழிவிடுகின்றன. தம் பாட்டனார் காலத்தில் வைத்தியர் மட்டுமே குடித்து, நோயாளியின் நோயைப் பார்ப்பார் என்று மாயெஸ்த்ரா சொன்னார். எங்களுக்கு அவர் சிறு அளவே ஊற்றினார். நான் கண்ட காட்சிகள் பிறருக்குப் பயன்படாதவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மையத்தின் மிகப் பெரிய குறை இங்கேதான் வெளிப்பட்டது. மேற்சொன்ன நொதித் தடுப்பின் காரணமாக, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு இந்தக் கஷாயம் சேர்ந்தால் உடலில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவு மீறி உயிருக்கே ஆபத்தாகலாம்; இதய நோயாளிகளும், மனச்சிதைவு, இருமுனைய மனநோய் வரலாறு உள்ளவர்களும் இதை அறவே தவிர்க்க வேண்டும். அப்படியிருக்க, உடல்நலம் பற்றிய ஒரு பக்கப் படிவத்தை முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்ட பிறகு, அங்கே போய்ச் சேர்ந்த அன்று மாலையில்தான் தந்தார்கள். அதைப் படித்துப் பார்க்க மருத்துவர் யாரும் இல்லை. உடன் பயின்றவர் ஒருவர் மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்செட்டின் மாத்திரையைப் பத்து நாள்களுக்கு முன் தாமாகவே நிறுத்திவிட்டு வந்திருந்தார். அந்த மாத்திரையை நிறுத்தியபின் இத்தகைய நொதித் தடுப்பு மருந்துகளைத் தொடங்க ஐந்து வாரமாவது காத்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொது விதி. முதல் இரவுக்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்த மாயெஸ்த்ராதான் அதைக் கண்டுபிடித்தார். அந்த மாணவர் பணம் கட்டியிருக்கிறார் என்று மேலாளர் வாதாடியபோது, மாயெஸ்த்ரா ஒன்றும் பேசாமல் மாணவருக்குரிய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஒரு மூதாட்டியின் விழிப்பை மட்டும் நம்பி ஒரு மையம் நடக்கிறது என்பது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத செய்தி.

வியர்வை ஊற்றும் அந்த வெப்பத்தில் உப்பின்றி இருந்ததால் மூன்றாம் வாரத்தில் எனக்குத் தலைசுற்றல் வந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகூட அங்கே இல்லை.

கட்டணம் 2,600 டாலர். மாயெஸ்த்ராவுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். நாளொன்றுக்கு 100 சோல் (பெருவின் நாணயம்) என்றார். பதினொரு பேர் கட்டிய தொகையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. மூலிகை மரபு சார்ந்த பழங்குடிகளின் கூட்டறிவைப் பாதுகாக்கப் பெருவில் 2002ஆம் ஆண்டிலேயே 27811 என்ற எண்ணுள்ள சட்டம் இயற்றப்பட்டு, வணிகத்துக்காக அந்த அறிவைப் பயன்படுத்துவோர் முன் இசைவு பெறவும் பயனைப் பகிரவும் வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் குறிப்பேடுகளும் ஒலிப்பதிவுகளும் யாருடைய அறிவைச் சுமக்கின்றன என்பது பற்றி மையத்தில் ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை. பாட்டைப் பதிவு செய்யலாமா என்று நான் மாயெஸ்த்ராவிடம் நேரே கேட்டபோது, மனத்தில் பதிந்தது போதும் என்றார், நான் பதிவு செய்யவில்லை.

கடைசி நாளில் 'தாவர மருத்துவ வல்லுநர்' என்ற சான்றிதழைத் தந்தார்கள், மேலாளரின் கையெழுத்தோடு. யாருக்கும் மருத்துவம் பார்க்கும் உரிமையை அந்தத் தாள் தராது. அதை வைத்து ஊருக்குத் திரும்பி வைத்தியம் தொடங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இந்த வகுப்பில் சேராதீர்கள். ஓர் ஒனன்யா உருவாகப் பல ஆண்டுகள், செடி செடியாகப் பத்தியம் இருக்க வேண்டும். 28 நாள்களில் நான் கற்றது ஒரு செடியின் சுவையும் ஒரு பாட்டின் முதல் எட்டு அடிகளும்தான், அதற்காக நான் மிகவும் நன்றியுடையவன்.

இத்தகைய மையத்தைத் தேர்ந்தெடுக்கும் எவரும், உடல்நலப் பரிசோதனை பணம் கட்டுவதற்கு முன்பா பின்பா, வைத்தியருக்குரிய பங்கு எவ்வளவு, அருகிலுள்ள மருத்துவமனைக்குப் படகில் எத்தனை நேரம், பெண்கள் தங்கும் குடிலுக்கு உள்தாழ் உண்டா என்ற கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பெண் மாணவர்கள் தனியாக வைத்தியரைச் சந்திக்கும் நேரங்களில் உடனிருப்பவர் யார் என்பதையும் கேளுங்கள்.

பத்தியம் முடிந்த காலையில் மாயெஸ்த்ரா தம் கையாலேயே எலுமிச்சை, வெங்காயம், மிளகாய், உப்பு கலந்த துவையலை என் நாக்கில் வைத்தார். அடுத்த முறை வருவதாக இருந்தால் மையத்தின் வழியாக வராமல் தம் ஊருக்கே வரும்படியும், ஜூன் மாதத்துக்குப் பிறகு வரும்படியும் சொன்னார். அதற்கு முன் வந்தால் பொபின்சானா இருக்கும் கரை தண்ணீருக்குள் கிடக்கும்.