புது ஃபைபர், பழைய வயர்: கும்பகோணத்து வீட்டில் நெட் ஏன் நத்தையானது

"கம்பெனி மாத்தியாச்சுப்பா, அப்பவும் நெட் ஸ்லோதான்." வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து மூன்று வாரம் இங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க நினைப்பவர்கள் பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே கேட்கும் புகார் இது. இம்முறை கும்பகோணத்தில் பார்த்த வீடும் அப்படித்தான். பிளான் 200 எம்பிபிஎஸ். கூடத்தில் கைப்பேசிக்குக் கிடைத்தது 30, மாடி அறையில் 4.

இன்னொரு கம்பெனியைத் தேடுவதற்கு முன் ஓர் அளவு எடுத்தே ஆக வேண்டும். ஃபைபர் வந்து சேரும், ஒளியை நெட்டாக மாற்றும் ஓஎன்டி பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேராக லேன் வயர் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் சோதனை லண்டன் போல எங்கோ இருக்கும் ஆபீஸ் சர்வர் வழியாகப் போய் வந்து தப்பான எண்ணைக் காட்டும். அதையும் அணைத்துவிட்டு, சென்னை சர்வரைத் தேர்ந்தெடுங்கள். விடியற்காலையில் ஒரு தடவை, இரவு 9 மணிக்கு ஒரு தடவை. காலையில் முழு வேகம் வந்து இரவில் மட்டும் படுத்துவிட்டால் தெருவில் ஒரே ஃபைபரைப் பகிரும் வீடுகளின் நெரிசல்; அது கம்பெனி தீர்க்க வேண்டியது.

இந்த வீட்டில் இரண்டு வேளையும் 94. அந்த எண்ணைப் பார்த்ததுமே வயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். லேன் வயருக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இரண்டு ஜோடி போதும். அதற்கு மேல் போக நான்கும் வேண்டும். ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வழியாக நிறங்கள் தெரியும். இங்கே ஆரஞ்சும் பச்சையும் மட்டும் இருந்தன. நீலத்தையும் பழுப்பையும் யாரோ வெட்டிவிட்டு ஜாக்கை அழுத்திப் பொருத்தியிருந்தார்கள் (கிரிம்ப் என்பது இதுதான்). பழைய ஆப்பரேட்டர் காலத்து வயர் அது. கேட் 5இ ரக லேன் வயர் வாங்கி எட்டுக் கம்பியும் சேர்த்து இரு முனையும் கிரிம்ப் செய்ததும் 190ஐத் தாண்டியது. வயர் சரியாக இருந்தும் 94ஐத் தாண்டாவிட்டால் ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் உடையதா என்று பாருங்கள்.

அடுத்தது, வீணாகக் கூடாதென்று வைத்துக்கொண்ட பழைய ரவுட்டர். புதுப் பெட்டியிலிருந்து வரும் வயரை அதன் வேன் போர்ட்டில் (WAN, வெளி இணைப்புக்கானது) செருகினால் ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர் முகவரி கொடுக்கும். கேமரா, வீடியோ கால் எல்லாம் தடுமாறும். அதை மாடிக்கு வைஃபை கொடுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்: அதன் டிஹெச்சிபியை (முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, முகவரியை 192.168.1.2 என மாற்றி (புதுப் பெட்டி 192.168.1.1 ஆக இருந்தால்), வயரை வேனில் அல்ல, லேன் போர்ட்டில் செருக வேண்டும்.

பெட்டி வைக்கும் இடம்தான் பெரிய வினை. இணைப்புக் கொடுக்க வருகிற பையன் பழைய கேபிள் டிவி ஓட்டை வழியாகவே ஃபைபரை உள்ளே இழுத்து, இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டுப் போகிறார். தடித்த செங்கல் சுவர், பீரோ, நடுவே கான்கிரீட் தளம்: 5 கிகாஹெர்ட்ஸ் அலை இவற்றைக் கடந்து மாடி சேராது, 2.4 சேரும், ஆனால் வேகம் குறையும். 2.4இல் பக்கத்து வீட்டு வைஃபைகளுடன் மோதாமல் இருக்க 1, 6, 11 ஆகிய சேனல்களில் காலியாக இருப்பதை வைக்க வேண்டும். மாடிக்கு ஒரு வயர் இழுப்பதே நிரந்தர வழி. ரிப்பீட்டர் வாங்கி ஏமாற வேண்டாம். அது வாங்கிய அலையையே திரும்பப் பேசுவதால் பெரும்பாலும் வேகம் பாதியாகிறது.

வயரில் அளந்தும் வேகம் இல்லையென்றால் ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) பாருங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளி பலத்தின் அலகு) வரை நல்லது. மைனஸ் 27ஐத் தொட்டால் இணைப்பு அடிக்கடி அறும். பெரும்பாலும் ஃபைபர் எங்கோ இறுக்கமாக மடிந்திருக்கும், டீ டம்ளர் வாயைவிடச் சிறிய வட்டத்தில் சுற்றக் கூடாது. ஃபைபர் முனையின் பச்சை ஜாக்கை நீல ஜாக்குடன் இணைத்திருந்தாலும் ஒளி வீணாகும்.

புகார் செய்யும்போது இந்த எண்களையே சொல்லுங்கள்; "ஸ்லோவா இருக்கு" என்றால் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வார்கள். டாக்கெட் நம்பரை (புகார் எண்) கட்டாயம் எழுதி வையுங்கள், தீராவிட்டால் அதை வைத்துத்தான் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரியிடம் போக முடியும். மறுபடி கிளம்பும் முன் பழைய கம்பெனியின் பெட்டியை ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் டெபாசிட் பணத்துக்காக அலைவது வயதான பெற்றோர்தான்.