மஃபாத்துக்கு நடந்து போகும் தபால்: எதை நம்பி அனுப்பலாம்?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், மஃபாத் பள்ளத்தாக்குக்குள் சாலை கிடையாது. எழுநூறு, எண்ணூறு பேர் சிறு சிறு இலேக்களில், அதாவது மலைக்குள் இருக்கும் குட்டிக் குடியிருப்புகளில், சிதறி வாழ்கிறார்கள். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஹெலிகாப்டரில் இறங்கும்; கடிதம் தபால்காரர் முதுகில் வரும். இவ்ரேன் போஸே 1951 முதல் 1991 வரை, 40 ஆண்டுகள், இந்த வேலையை நடந்தே செய்தவர். ரெயூனியன் முழுக்க அறிந்த பெயர். கடற்கரை ஊர்களான சேன் ஆந்த்ரேயிலோ சேன் போலிலோ இருந்துகொண்டு, உள்ளே பள்ளியில் வேலை பார்க்கும் மகளுக்கோ பழக்கமான விடுதிக்காரருக்கோ ஏதாவது அனுப்ப நினைக்கும் நம்மவர்களுக்காக இந்த மதிப்பீடு.

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம். சாதாரணக் கடிதத்துக்கு 5க்கு 4. பதிவுத் தபாலுக்கு 3. பார்சலுக்கு 2, அதுவும் தாராள மனதோடு.

காரணம் தபால்காரரின் பையில் இருக்கிறது. விடியலிலேயே கிளம்பியாக வேண்டும்; பல நாட்களில் மதியத்துக்கு முன்பே மேகம் ஏறி வழியை மறைத்துவிடும். அதற்குள் கட்டுகளை இலே வாரியாகப் பிரிக்க வேண்டும். கடைசியாகப் போகும் இலேயின் கட்டு பையின் அடியில், முதல் இலேயின் கட்டு மேலே. கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்தில் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் இறக்கத்தில் பை ஆளைப் பின்னுக்கு இழுக்கும். பள்ளத்தாக்கின் விளிம்பில் உள்ள மாய்தோ முகட்டிலிருந்து ரோஷ் பிளாத் என்ற இலே ஏறக்குறைய 1,000 மீட்டர் தாழ்வில் இருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முழங்காலை வாங்குவது இறக்கம். மரக்கட்டை வைத்துக் கட்டிய படிகளில், மழைக்குப் பிறகு, இன்னும் மோசம்.

ஈரம் மழையிலிருந்து மட்டும் வருவதில்லை. பைக்கு மேலே உறை போட்டாலும் முதுகுப்பக்கம் திறந்துதான் இருக்கிறது. வியர்வை அந்த வழியாக இறங்கும். அதனால் பைக்குள்ளேயே தடித்த பிளாஸ்டிக் பை போட்டு வாயை முறுக்கிக் கட்டுவதுதான் சரியான முறை. அனுப்புகிறவர் பங்கும் உண்டு: முகவரியை ஜெல் பேனாவால் எழுதாதீர்கள், ஈரம் பட்டால் கரையும். பால்பாயின்ட் போதும். சான்றிதழ், புகைப்படம் என்றால் உள்ளே ஒரு ஜிப் கவர். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் போகும் அளவு உறை பையில் தட்டையாக உட்காரும். சுருட்டிக் குழாயில் போட்ட காலண்டர் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிளையில் எல்லாம் மாட்டும்.

முகவரியில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். ‘மஃபாத்’ என்று மட்டும் எழுதினால் பாதி முகவரிதான். இந்தப் பள்ளத்தாக்கு இரண்டு நகராட்சிகளுக்கு இடையே பிரிந்து கிடக்கிறது: லா நூவெல், ஓரேர், கிராண்ட் பிளாஸ் எல்லாம் லா பொசெசியோனைச் சேர்ந்தவை, அஞ்சல் குறியீடு 97419. மார்லாவும் ரோஷ் பிளாத்தும் சேன் போலைச் சேர்ந்தவை. இலே பெயர் தனி வரியில் வர வேண்டும். ஒரே குடும்பப் பெயர் பல வீடுகளுக்கு இருக்கும், ஆகவே முதல் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள். கடிதம் எங்கே ஒப்படைக்கப்படும் என்பதைப் பெறுபவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

பதிவுத் தபாலில் மூன்று மதிப்பெண்ணோடு நிறுத்தியது கையெழுத்துக்காக. ஆள் வீட்டில் இல்லை என்றால் அறிவிப்புச் சீட்டுதான் கிடைக்கும். தபால் 15 நாள் மட்டுமே காத்திருக்கும், பிறகு அனுப்பியவருக்கே திரும்பும். நகரத்தில் அது அரை மணி நேர வேலை. மஃபாத்காரருக்கு மலை ஏறி இறங்கி ஒரு நாள் கூலி போகும். கடற்கரைப் பக்கம் நம்பகமான உறவினர் இருந்தால் முன்கூட்டியே அவருக்குப் பெறும் அதிகாரம் எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கெடு உள்ள அரசுக் காகிதங்களுக்கு இதுதான் பாதுகாப்பான வழி.

பார்சல் விஷயத்தில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. தபாலகம் 30 கிலோ வரை பார்சல் வாங்கும். அதைச் சுமந்து மலை இறங்க யாராலும் ஆகாது. முறுக்கு, அதிரசம் அனுப்ப ஆசை என்றால், அவர் கீழே வரும் நாளில் எடுத்துக்கொள்ளும்படி சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். எண்ணெய் ஊறுகாய் வேண்டவே வேண்டாம். மூடி ஒன்று கசிந்தால் ஊராரின் கடிதமெல்லாம் நாறும்.

புயல் பருவத்தை மறந்துவிட்டு இந்தச் சேவையைக் குறை சொல்வது நியாயமில்லை. சிவப்பு எச்சரிக்கையில் யாருமே வெளியே போகக்கூடாது. அதற்குப் பிறகும், விழுந்த மரமும் சரிந்த மண்ணும் அப்புறப்படுத்தும் வரை வனத்துறை பாதைகளை மூடி வைக்கும். காவடி அழைப்பிதழ் அனுப்பும் காலமும் இதுவே. 2024இல் பெலால் புயல் ஜனவரி 15 அன்று வந்தது, தைப்பூசம் 25 அன்று. இலேக்களில் இருக்கும் நண்பர்களுக்கு அழைப்பிதழை டிசம்பர் நடுவிலேயே போட்டுவிடுங்கள். தேதி அச்சாகி வரத் தாமதமானால் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அட்டையைப் பிறகு அனுப்பலாம். நேரில் வைக்காத அழைப்புக்கு முகம் சுளிக்கும் வழக்கம் அங்கே இல்லை.

நடைபயணம் போகிறவர்கள் அங்கிருந்து அஞ்சலட்டை போட விரும்பினால், தபால்தலையைக் கீழேயே வாங்கி ஒட்டிக்கொண்டு போங்கள். அன்றே கிளம்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நகரத்தைப் போல எல்லா இலேக்கும் தினமும் தபால்காரர் வருவதில்லை.