நர்சரி கற்றாழைக் கன்று: செடியை வாங்குங்கள், கலவை மூட்டை வேண்டாம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி சாலையோர நர்சரிகளில் சோற்றுக்கற்றாழைக் கன்றைக் கறுப்புக் கவரில் வைத்து விற்கிறார்கள். வீட்டில் பெருக்கப் போகிறோம் என்றால், தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த ஒரு மூட்டையையும் வேர் பிடிக்கும் பவுடர் டப்பாவையும் சேர்த்து எடுத்துக் கொடுப்பார்கள். இந்த மூன்றில் கன்றுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

பக்கக் கன்று எட்டிப் பார்க்கும் கவராகத் தேடி எடுங்கள். ஒரு செடி விலையில் இரண்டு மூன்று கிடைத்துவிடும். இலைகளின் அடிப்பிடியை விரித்துப் பாருங்கள். பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி, வேண்டாம். அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும்.

கலவைதான் பிரச்சினை. கவரிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டுகிறது. தென்னைநார்க் கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோயம்புத்தூர் வெயிலுக்கு அது சரி, சீக்கிரம் காய்ந்துவிடும். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் ஈரம் போகாது. இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைக்கிற செடி இது. வேருக்குக் காற்று கிடைக்காவிட்டால் அழுகி, அழுகல் தண்டுக்கு ஏறுகிறது. இலை தொங்கியதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார்கள், அதோடு செடி போய்விடும்.

மலைக்கு ஏற்ற கலவையை வீட்டிலேயே செய்துவிடலாம். செம்மண் ஒரு பங்கு, பெருமணல் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் அரைப் பங்கு. ஆற்று மணல் கிடைக்காதவர்கள் எம்-சாண்டைச் சலித்து, தூள் போகும்வரை கழுவிச் சேர்க்கலாம். கழுவாமல் போட்டால் அந்தத் தூளே சிமென்ட் மாதிரி இறுகிவிடும். தேயிலைத் தோட்டத்து மண் என்றால் புளிப்பு அதிகம், ஆறு அங்குலத் தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் வகைத் தூள்) கலந்துவிடுங்கள். அடியில் துளையுள்ள மண்தொட்டிதான் வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியின் பக்கவாட்டில் ஈரம் ஆவியாகாது.

கன்றைப் பிரிக்க அவசரப்படக் கூடாது. நான்கைந்து அங்குல உயரம், சொந்தமாக மூன்று நான்கு வேர், இரண்டும் வந்திருக்க வேண்டும். தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்தால், தாயையும் கன்றையும் இணைக்கிற வெள்ளைத் தண்டு தெரியும். சுத்தமான கத்தியால் அதைத் தாய்ப்பக்கம் ஒட்டி வெட்டினால் வேர் முழுதும் கன்றோடு வந்துவிடும். வெட்டிய வாயில் ஈரம் கசியும். சமவெளியில் இரண்டு நாள் நிழலில் கிடந்தால் காய்ந்துவிடும். இங்கே மூடுபனியில் ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். விரலால் தொட்டால் காய்ந்த தோல்போல இருந்தால்தான் நட வேண்டும். நட்டு ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர், பிறகு இரண்டு அங்குல ஆழம்வரை மண் காய்ந்த பின்புதான் அடுத்தது.

வேர் பவுடர் பக்கக் கன்றுக்குத் தேவையே இல்லை, அதற்கு ஏற்கெனவே வேர் இருக்கிறது. இலையை வெட்டி இந்தப் பவுடரில் தோய்த்து நட்டாலும் செடி வரும் என்று சில கடைகளில் சொல்வதை நம்பாதீர்கள். கற்றாழை இலையில் புதுச் செடி முளைப்பதற்கான மொட்டு கிடையாது. பச்சையாக நாள் கணக்கில் நின்றுவிட்டு அழுகும், அவ்வளவுதான்.

கடையில் யாரும் சொல்லாத விஷயம், பருவம். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை பிரித்து நட்டால் மழைக்கு முன்னால் வேர் ஊன்றிவிடும். நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் வைத்தால் இலை செம்பழுப்பாகும். பத்து நாளில் படிப்படியாகப் பழக்குங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, தலைக்குந்தா பக்கம் இருப்பவர்கள் தொட்டியை இரவில் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். ஒரே ஓர் உறைபனி இரவு போதும், இலைக்குள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து, வெயில் ஏறியதும் வேகவைத்த வெங்காயம்போலக் குழைந்துவிடும். அடித்தண்டு கெட்டியாக இருந்தால் குழைந்த இலைகளை மட்டும் வெட்டிவிட்டு, மார்ச் வரை தண்ணீர் காட்டாமல் வையுங்கள், பக்கத்தில் புதுக் கன்று வெடிக்க வாய்ப்பு உண்டு.