ஏழு வருஷமாக என்னிடம் இருக்கும் கிராஃப் கால்குலேட்டரும் அந்த ஒரு கோடும்

போன வாரம் தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். மகன் 11ஆம் கிரேடு, அதிபரவளையம் (ஹைப்பர்போலா, 2/எக்ஸ் மாதிரி வளைவு) நடத்துகிறார்களாம். "உன்கிட்ட இருக்கே, படம் போடுற கால்குலேட்டர், அது மாதிரி ஒண்ணு வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்றார். என்னுடையது அப்போதுதான் பழுது பார்த்துத் திரும்பியிருந்தது. பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்துவிட்டது. வினிகர் தொட்டுத் துடைத்ததற்கு 150 ராண்ட். அந்தக் கடுப்பும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். (எக்ஸ் − 1)/(எக்ஸ் − 3) என்றதும் என்னிடம் கணக்கு படிக்க வரும் பிள்ளைகள் மிரளும். மேலே இருப்பதை (எக்ஸ் − 3) + 2 என்று பிரித்தால் 1 + 2/(எக்ஸ் − 3) வந்துவிடும். அதாவது நமக்குத் தெரிந்த 2/எக்ஸ்தான், வலப்பக்கம் 3, மேலே 1 தள்ளி உட்கார்ந்திருக்கிறது. லோட் ஷெட்டிங்கில் (முறைவைத்து வரும் மின்வெட்டு) லேப்டாப்பும் வைஃபையும் படுத்துவிட்ட ஒரு சாயங்காலம், டார்ச் வெளிச்சத்தில் இரண்டையும் ஒரே திரையில் போட்டேன். ஒரு பெண் டிரேசிங் பேப்பரை வைத்து ஒன்றைப் பென்சிலால் எடுத்து, அப்படியே நகர்த்தி மற்றதன்மேல் பொருத்திவிட்டாள். "அதே படம்தான் அங்கிள்!" அதற்காகவே இதற்குக் கோயில் கட்டலாம்.

ஆனால் அந்தக் கோடு! எக்ஸ் = 3இல் தொலைத்தொடுகோடு, அதாவது வளைவு நெருங்கிக்கொண்டே போய்த் தொடாமல் நிற்கும் கோடு; அங்கே வளைவே கிடையாது. இதுவோ மேலிருந்து கீழ்வரை ஒரு செங்குத்துக் கோட்டை இழுத்து வைக்கும். திரையில் குறுக்கே 127 புள்ளிகள். −10 முதல் 10 வரை வைத்தால், 3க்குச் சற்று முன்னால் ஒரு புள்ளியில் மதிப்பு −13, அடுத்த புள்ளியில் 127. நடுவில் என்ன நடந்தது என்று பார்க்காமல் இரண்டையும் சேர்த்துவிடுகிறது. பிள்ளைகள் அதையும் வளைவின் பகுதி என்று அப்படியே நோட்டில் வரைகிறார்கள். −6.3 முதல் 6.3 வரை மாற்றினால் 3 சரியாக ஒரு புள்ளிமேல் விழும், அங்கே மதிப்பு இல்லாததால் இரண்டு பக்கத்தையும் சேர்க்காது, கோடு காணாமல் போகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. புள்ளிகளாக மட்டும் காட்டச் சொல்லலாம்தான். அப்புறம் அடுப்படியில் கடுகு கொட்டினாற்போல் இருக்கும்.

அக்காவிடம் வேண்டாம் என்றுவிட்டேன். மெட்ரிக் (12ஆம் கிரேடு இறுதி) பரீட்சைக்குள் கிராஃப் போடும் கால்குலேட்டரை விடமாட்டார்கள். டேபிள் போடும் சாதா கால்குலேட்டர் போதும். எக்ஸ் = 3 வந்ததும் அது பேசாமல் 'எரர்' என்று காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். இவ்வளவு விலை கொடுத்த என்னுடையதுக்கு அந்த நாணயம் இல்லை.

"அப்போ உன்னோடதை ரெண்டு மாசம் கொடேன்" என்றார்.

கொடுக்கவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் வருவார்கள்.