காலேஜ் ஃபீஸைக் காட்டி வரி குறைத்த அனுபவம்: கணக்கு சரி, ரசீதுதான் தலைவலி

குடியாத்தத்தில் இருக்கும் தம்பியின் மகளுக்கு இந்த வருடம் இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது. "ஃபீஸைக் காட்டினா டாக்ஸ் குறையுமாண்ணா?" என்று கேட்டான். 2021-இல் மூத்தவளைச் சேர்த்ததிலிருந்து நான் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். குறையும். ஆனால் அந்த ரசீது இருக்கிறதே!

வருமான வரிச் சட்டத்தில் முதலீடு, ஃபீஸ் மாதிரிச் செலவுகளைக் கழித்துக்கொள்ள விடும் பிரிவு 80சி. அதில் ஃபீஸ் என்றால் டியூஷன் கட்டணம் மட்டும்தான் செல்லும். ஹாஸ்டல், மெஸ், பஸ், டெவலப்மென்ட் ஃபீஸ், நன்கொடை எதுவும் சேராது. எங்கள் கல்லூரியோ (வேலூர் வட்டாரம்தான், பெயர் வேண்டாம்) எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரியில் ஒரே தொகையாக அடித்துக் கொடுக்கும். ஜனவரியில் ராணிப்பேட்டை ஆபீஸில் புரூஃப் கேட்பார்கள். இதை நீட்டினால், "பிரிச்சு வாங்கிட்டு வாங்க சார்" என்பார் அக்கவுண்ட்ஸ்காரர். அவர் மேல் தப்பில்லை. கல்லூரிக் கவுன்ட்டரில் போய் நின்றால், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது." டியூஷன் இவ்வளவு என்று லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதித் தர ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து கெஞ்ச வேண்டும். லட்ச ரூபாயைப் போனிலேயே வாங்கிக்கொள்கிறவர்களிடம் இரண்டு வரிக் கடிதத்துக்கு நான் அரைநாள் லீவு போடுகிறேன்.

இத்தனையும் எதற்கு? 80சி-யில் எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 1.5 லட்சம். அதில் பிஎஃப்பே 90,000 போய்விடுகிறது. ஃபீஸுக்கு மிஞ்சுவது 60,000. அதில் எனக்கு மிச்சமாவது சுமார் 16,000 ரூபாய். சின்னத் தொகை என்று சொல்லமாட்டேன்.

சட்டத்தையும் குறை சொல்ல முடியாது. ஒருவர் இரண்டு பிள்ளைகள் வரை காட்டலாம். மனைவியும் வரி கட்டுகிறவராக இருந்தால் அவர் கட்டிய ஃபீஸை அவர் கணக்கில் காட்டலாம். சின்னவன் ஃபீஸ் எங்கள் வீட்டில் அப்படித்தான் போகிறது. முழுநேரப் படிப்பாக, இந்தியாவில் இருக்கும் கல்லூரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையில் மனம் குளிர்ந்தது கல்விக்கடனுக்கான 80இ பிரிவில். கல்விக்கடன் வட்டிக்கு உச்சவரம்பே இல்லை. வட்டி கட்டத் தொடங்கிய வருடத்திலிருந்து எட்டு வருடம். அசலுக்குக் கிடையாது. வங்கி ஆப்பில் வட்டிச் சான்றிதழ் உடனே இறங்குகிறது, யார் முன்னாலும் நிற்க வேண்டாம். வருமான வரிக் கணக்குப் படிவமான ஐடிஆரில் இப்போது கடன் கணக்கு எண், கடன் கொடுத்த தேதி, பாக்கி எல்லாம் கேட்கிறார்கள். அதுவும் கையில் இருப்பதுதானே. ஒன்று மட்டும் கவனம்: நம் ஊரில் பாதிப் பேர் நகையை அடகு வைத்தோ கைமாற்று வாங்கியோதான் ஃபீஸ் கட்டுகிறோம். அந்த வட்டிக்கு இதில் இடமில்லை.

சரி, இப்போது என் கணக்கு. சம்பளம் 15 லட்சம். கழிவுகள்: 80சி 1.5 லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், கல்விக்கடன் வட்டி 1.2 லட்சம், நிலையான கழிவு 50,000. இந்தக் கழிவுகளெல்லாம் செல்லும் பழைய வரிமுறையில், செஸ் (வரி மேல் போடும் கூடுதல் வரி) சேர்க்காமல், வரி 1,08,500. இதே சம்பளத்துக்கு 2024-25 நிதியாண்டில் புதிய முறை (விகிதம் குறைவு, ஆனால் பெரும்பாலான கழிவுகள் இல்லை) 1,25,000 கேட்டது, பழையதுதான் லாபம். 2025-26-இல் அதே புதிய முறை, ஒரு ரசீதும் பார்க்காமல், 93,750-க்கு இறங்கிவிட்டது. அங்கே 80சி-யும் கிடையாது, நான் மெச்சிய 80இ-யும் கிடையாது.

தம்பிக்குச் சம்பளம் 12.75 லட்சத்துக்குள். புதிய முறையில் அவனுக்கு வரியே இல்லை. ரசீதைப் பத்திரமாக வை, ஆனால் அதைப் பிரித்துத் தரச் சொல்லி அலையாதே என்று சொல்லிவிட்டேன். சம்பளக்காரர்கள் வருடா வருடம் முறையை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பயமும் இல்லை.

நானும் புதிய முறைக்குப் போகிறேன். 14,750 மிச்சம் என்பது அப்புறம். பழையது இரண்டாயிரம் மூவாயிரம் மலிவாக இருந்திருந்தாலும் போயிருப்பேன். அந்தக் கவுன்ட்டரில் இனி நிற்க முடியாது.